சிறு விமானம் வைத்திருப்போர் கேள்வி-பதில்: ஈரமும் வெக்கையும்

நண்பர்கள் மூவர் சேர்ந்து 1978-ஆம் ஆண்டு செஸ்னா 172என் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெயின்டும் இருக்கைகளும் புதுசு. முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (சுங்கை சிப்புட்)

பெயின்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் மூக்கு மூடியைத் திறந்து எஞ்சின் தகட்டைப் படியுங்கள். 1977 முதல் 1980 வரை வந்த 172என்-இல் லைக்கமிங் ஓ-320-எச்2ஏடி இருக்கும், 160 குதிரைத்திறன். இதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் லிஃப்டரும் உரிந்து தேயும். அதோடு ஸ்பார்க் பிளக்குக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே கூட்டுக்குள் ஒரே தண்டில் சுற்றுவதால், தண்டு போனால் இரண்டும் போச்சு. அதற்காக வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. ஓயாமல் பறந்த எச்2ஏடி தன் 2,000 மணி நேரத்தை ஒழுங்காகவே முடிக்கும்.

பதிவேட்டில் மொத்த மணி நேரத்தைவிட மாதக் கணக்கு முக்கியம். ஓவர்ஹால் (எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது) ஆகி 400 மணிதான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லலாம். அந்த 400 மணி ஓட 14 வருஷம் எடுத்திருந்தால் அது பெருமை இல்லை. லைக்கமிங் வைத்த வரம்பு 2,000 மணி அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ அது. எச்2ஏடி-க்கு ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானம் கட்டாயம்; ஏரோஷெல் டபிள்யூ100 பிளஸில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. எது ஊற்றப்பட்டது என்று ஒவ்வொரு பதிவிலும் தேடுங்கள். சாதாரண டபிள்யூ100 மட்டும் எழுதியிருந்து சேர்மானம் பற்றிப் பேச்சே இல்லையென்றால் விலையை அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து, காந்தத்தால் தடவச் சொல்லுங்கள். காந்தத்தில் ஊசி ஊசியாக ஒட்டினால் கேம் உரிகிறது. பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போது 80 பிஎஸ்ஐ காற்று கொடுத்து ஒவ்வொரு சிலிண்டரையும் சோதிக்க வேண்டும். 60-க்குக் கீழே போனால் கேள்விக்குறி. எண்ணைவிடக் காதுக்குத்தான் அங்கே வேலை. புகைபோக்கியில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் குழாயில் சீறினால் பிஸ்டன் ரிங், கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சோதிக்கும்போது புரொப்பெல்லரை ஒருவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும். காற்றழுத்தம் அதைச் சட்டெனச் சுழற்றிவிடும்.

இருக்கைத் துணி புதுசு என்றீர்களே, அதைத் தாண்டிக் கீழே குனியுங்கள். செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளத் துளைகள் தேய்ந்தோ விரிசல் விட்டோ போவது பழைய கதை. 1987-இலேயே அமெரிக்கா இதற்கென்று கட்டாய உத்தரவு போட்டது. பூட்டு ஊசி துளையில் சரியாக இறங்காவிட்டால், வேகமெடுக்கும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கும். ஓட்டுநர் கையில் இருப்பது கட்டுப்பாட்டுச் சக்கரம்தான், அதையே பிடித்து இழுப்பார், மூக்கு வானத்தைப் பார்க்கும். வாங்கிய பிறகும் பழக்கமாக்குங்கள்: இருக்கையைப் பூட்டியதும் இரண்டு காலாலும் தரையை உதைத்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள்.

மாதக் கணக்கில் பறக்க நேரம் கிடைப்பதில்லை. ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுகிறோம். போதுமா? (கோலகங்சார்)

போதாது என்பதோடு நிற்கவில்லை, சும்மா விட்டதைவிட அது மோசம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் வயிற்றுக்குள் போகும். பத்து நிமிஷத்தில் ஆயில் அந்த ஈரத்தை விரட்டும் சூட்டை எட்டாது. எஞ்சின் ஆறியதும் ஈரம் இரும்பில் படிகிறது. லைக்கமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருப்பதால், நின்ற சில நாளில் ஆயில் அதிலிருந்து வடிந்துவிடும். முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். அந்தத் துரு உப்புத்தாள் மாதிரி லிஃப்டரைத் தேய்க்கும்.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைப்பதும் வேண்டாம். மிஞ்சியிருக்கும் ஆயில் படலத்தையும் அது வழித்துவிடும்.

லைக்கமிங் சொல்வது இது: 30 நாளுக்குள் ஒருமுறையாவது, ஆயில் வெப்பம் 74 முதல் 93 டிகிரி செல்சியஸில் நிற்க, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸி நேரமும் ஏறி இறங்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேராது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு ஈரத்துக்கு 30 நாளும் அதிகம், இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு ஆயில் மாற்றம் 50 மணி அல்லது நான்கு மாதம். வெறும் வலை மட்டும் என்றால் 25 மணி. பறக்காதவர்கள் நான்கு மாதத்தை மறந்துவிடுகிறார்கள்.

மாதக் கணக்கில் நிற்கப்போவது உறுதியென்றால் பாதுகாப்பு ஆயில் ஊற்றிப் பறந்து முடித்து, மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அடைப்பான்களை மாட்டி, புகைபோக்கியையும் மூச்சுக்குழாயையும் மூடுங்கள். ஜெல் நீலமாக இருக்கும்வரை கவலையில்லை. இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். நம் ஊரில் அது அடிக்கடி சிவக்கும்.

அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) கிடைப்பது சிரமம். பெட்ரோல் நிலையத்து ரோன் 97 ஊற்றினால் என்ன? (தைப்பிங்)

எச்2ஏடி-யில் ஊற்றாதீர்கள். அதன் அழுத்த விகிதம் 9-க்கு 1. பம்பில் எழுதியிருக்கும் 97 ஆக்டேன் எண்ணுக்கு ஓர் அளவுமுறை, 100எல்எல் அவ்காஸின் 100 வேறு அளவுமுறை. விமான முறையில் அளந்தால் பம்ப் பெட்ரோல் பத்துப் புள்ளி கீழே இறங்கிவிடும். ஆக்டேன் போதாதபோது காரில் கேட்கும் 'டக் டக்' சத்தம் புரொப்பெல்லர் இரைச்சலில் கேட்காது, பிஸ்டன் ஓட்டையானபின்தான் தெரியும். வெயிலில் நின்ற விமானத்தில் எரிபொருள் குழாய்க்குள்ளேயே ஆவியாகும் தொல்லையும் கூடவே வரும்.

ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின் விஷயம் வேறு. அது ரோன் 95-க்கென்றே செய்தது. அதற்கு அவ்காஸ்தான் தொந்தரவு: 30 விழுக்காட்டுக்கு மேல் அவ்காஸில் ஓடினால், ஈயப் படிவு காரணமாக ஆயிலை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் 700 மீட்டர் நேரான மண்சாலை இருக்கிறது, ஓரமெல்லாம் புல். 172 இறங்கி ஏறலாமா? (சுங்கை சிப்புட்)

மாமா சம்மதித்தால் போதாது, சிஏஏஎம்-இடம் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) எழுதிக் கேளுங்கள். அனுமதி வரும்வரை கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

172என் கையேட்டு அட்டவணையில் முழு எடை 1,043 கிலோ, கடல்மட்டம், 30 டிகிரி, காற்றில்லை என்றால், 50 அடி உயரத்தைத் தாண்ட 1,590 அடி, அதாவது 485 மீட்டர். அது புது விமானம், காய்ந்த கெட்டித் தளம், பிரேக்கை மிதித்தபடி முழு விசை கொடுத்து விட்ட கணக்கு. ஈரப்புல்லுக்கு 1.3-ஆல் பெருக்குங்கள்: 630. எதிர்பாராததற்கு 1.33-ஆல் பெருக்குங்கள்: 840 மீட்டர். மழை பெய்து மண் இளகியிருந்தால் இன்னும் 1.25, ஆக 1,050 மீட்டர். உங்களிடம் இருப்பது 700.

இன்னொன்று. கையேட்டின் 50 அடி என்பது 15 மீட்டர். வளர்ந்த செம்பனையின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். புத்தகக் கணக்கு அப்படியே நடந்தாலும் சக்கரம் மட்டையைத் தடவிக்கொண்டு போகும். இரண்டு பேர், பாதி எரிபொருள், விடிகாலை, ஓடுபாதை முனையில் இளம்செடி என்றால் அது வேறு கணக்கு. எடை பத்து விழுக்காடு குறைந்தாலே தூரம் நன்றாகக் குறையும்.

தரையைச் சோதிக்க எளிய வழி: பிக்கப்பை மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். முதுகு தாங்கினால் விமானமும் தாங்கும். பழக்குலை லோரி போட்ட தடம் காய்ந்தால் கல். மூக்குச் சக்கரம் அதில் மாட்டினால் புரொப்பெல்லர் தரையைத் தொடும்.

டேங்கிலிருந்து எடுத்த மாதிரி தெளிவாக இருந்தது. தண்ணீர்க் கோடு இல்லை. ஆனாலும் ஏறும்போது எஞ்சின் விக்கியது. (பீடோர்)

குவளை முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடு எங்கிருந்து தெரியும்? அவ்காஸ் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் அடியில் நிற்கும், முதலில் வருவதும் அதுவே. குவளையை வெள்ளை இறக்கையின்மேல் பிடியுங்கள். 100எல்எல் இளநீலமாகத் தெரிய வேண்டும். நிறமில்லை என்றால் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விடுங்கள். அவ்காஸ் சில்லென்று உடனே காய்ந்துபோகும், தண்ணீர் அப்படியே நிற்கும்.

வெளியே நிறுத்தும் பழைய செஸ்னாவில், இறக்கையோடு சமமாக உட்காரும் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்தால் மழை நேரே உள்ளே போகும். இரவு மழைக்குப் பிறகு இறக்கையை ஆட்டி, சில நிமிஷம் விட்டு, எல்லா வடிகாலிலும் எடுங்கள். எஞ்சின் பக்கத்து ஸ்டிரெய்னரையும் (எரிபொருள் வடிகட்டி) விடாதீர்கள்.

27 டிகிரியில் கார்புரேட்டரில் பனிக்கட்டியா? (தாப்பா)

ஆமாம். பெட்ரோல் ஆவியாவதாலும் காற்று குறுகலில் விரிவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பம் வெளியே இருப்பதைவிட 30 டிகிரிகூடக் குறையலாம். விசையைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து கூடுதல். மழை விட்ட காலை, மலையடியில் மேகம் தொங்கும் நேரம், இதற்கென்றே அமைந்தது. எஞ்சின் சுற்று மெல்லக் குறையும். நீங்கள் அறியாமல் திராட்டிலைக் கொஞ்சம் தள்ளுவீர்கள், மறுபடி குறையும். கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் குமிழ்) முழுதாக இழுங்கள், பாதி வேண்டாம். உருகும் தண்ணீரை விழுங்கி எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக உதறும். பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். சில விநாடியில் சுற்று ஏறும்.

மேக்னெட்டோ சோதனையில் சுற்று குறையவே இல்லை. நல்லதுதானே? (கோலகங்சார்)

இல்லை. 1,700 சுற்றில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் குறைய வேண்டும். 125-க்கு மேல் போகக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள். குறையவே இல்லை என்றால் தரைக்கம்பி அறுந்து, நீங்கள் அணைத்த மேக்னெட்டோ அணையவில்லை. சாவியை எடுத்தபின்னும் புரொப்பெல்லர் உயிரோடு இருக்கும். கை வைத்தால் வெட்டும். எரிபொருளை அடைக்கும் மிக்ஸ்சர் குமிழை இழுத்து எஞ்சினை நிறுத்தி, புரொப்பெல்லரில் எச்சரிக்கை அட்டை கட்டிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

காசு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. புது ஜிபிஎஸ் திரை வாங்கலாமா? (ஈப்போ)

விமானம் விழுந்தால் இடத்தைச் சொல்லும் உங்கள் ஆபத்துக்குறி ஒலிபரப்பி இன்னும் 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தானா? 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதில்லை. தித்திவங்சா மலைக்காட்டு மரக்கூரைக்குள் விழுந்தால் தேடுவோருக்கு உங்கள் இடம் தெரியாது. 406 மெகாஹெர்ட்ஸ் வாங்கிப் பதிவு செய்யுங்கள். உடம்போடு கட்டும் சின்னக் கருவி ஒன்றும் இருக்கட்டும், விமானத்தில் உள்ளதன் ஆன்டெனா மோதலில் ஒடிந்துவிடலாம். அடுத்தது கார்பன் மோனாக்சைடு அலாரம். இங்கே ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்பீர்கள். புகைபோக்கி விரிசலிலிருந்து, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள நெருப்புச் சுவரின் துளை வழியாகவும் அந்த நச்சுவாயு வரும். மீதமிருந்தால் திரை.

வேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்கு உறை போட ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறேன். (சுங்கை சிப்புட்)

குளவி மறக்காது. நீங்கள் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் மண் வைத்து அடைக்க ஆரம்பித்திருக்கும். ஓடுபாதையில் வேகமுள் அசையாவிட்டால் விசையைக் குறைத்து நின்றுவிடுங்கள். குழாயை வாயால் ஊதிப் பார்க்காதீர்கள், கருவி கெடும்.