மொட்டைமாடி சோலார்: நாமே மாட்டினால் மானியம் வருமா?

கேள்வி: நான் எலக்ட்ரீஷியன். பேனல் வாங்கி என் வீட்டில் நானே மாட்டினால் மத்திய அரசு மானியம் உண்டா?

பதில்: கிடையாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனம்தான் மாட்ட வேண்டும். பேனலுக்குள் இருக்கும் செல் வரை இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். அப்படி மாட்டினால் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. நீங்களே மாட்டி மிச்சம் பிடிக்கும் கூலி இதற்குக் கிட்டேகூட வராது. முதலில் மாட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். உங்கள் அனுபவம் வேறு இடத்தில் உதவும்: வேலை நடக்கும்போது கூடவே நின்று எர்த் குழியையும் டிசி கேபிள் இணைப்புகளையும் பாருங்கள். வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். தளர்ந்த இணைப்பு தீப்பிடிக்கும். பல வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: டெக்சாஸில் என் மச்சான் தானே மாட்டி வரிச்சலுகை வாங்கினாரே?

பதில்: அங்கே அது மானியம் இல்லை, செலவில் 30 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்வது. சொந்தமாக மாட்டினாலும் பொருள் விலைக்குக் கிடைத்தது, சொந்த உழைப்புக்குக் கிடையாது. 2025 டிசம்பரோடு அதுவும் முடிந்தது.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடுகிறது. 5 கிலோவாட் போடச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட்டே இரண்டு மாதத்தில் 480 யூனிட் ஆகிவிடுகிறது. 5 போட்டாலும் மானியம் அதே 78,000தான். ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் 3 போடுங்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். மாட்டும் நிறுவனம் ‘மானியத்தை விலையில் நாங்களே கழித்துக்கொள்கிறோம்’ என்றால் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

பதில்: பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு மானியம் இல்லை. லைனே போகாத தோட்டத்துக் கொட்டகைக்கு ஒரு பேனல், பேட்டரி, இரண்டு விளக்கு என்றால் நீங்களே தாராளமாக மாட்டலாம்.

கேள்வி: இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது.

பதில்: மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலில் பெயர் மாற்றுங்கள். வாரிசுச் சான்றிதழை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். பேனலுக்கு முன்பணம் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.