நவீன கருவிகள் வாங்கினால் மருத்துவமனையின் சேவைத் தரம் தானாக உயர்ந்துவிடுமா?

உயராது. கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. போன்ற ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கே உலை வைக்கும். ஸ்கேன் எடுத்தும், படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம் போனால்? கோடிகளைக் கொட்டி வாங்கியது வீண்தான். படம் உடனே மருத்துவரின் திரைக்குப் போகிற ஏற்பாடு இருந்தால் பாதித் தலைவலி தீரும்.

இன்னொன்று: தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர்கள் சும்மா சும்மா அலறினால் செவிலியர்களுக்குக் காது மரத்துப்போகும், நிஜமான அபாய ஒலியும் அதில் கரைந்துவிடும். அலார அளவுகளை நோயாளிக்கு ஏற்ப மாற்றிவைப்பது காசில்லாத வேலை. அதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.