பாரிமுனையின் பாரி

அன்புள்ள ஐயா,

பாரிமுனையில் பஸ் இறங்கி உயர் நீதிமன்றத்துக்குள் போவது இருபது வருடமாக என் வழக்கம். சிறுவயதில் அந்தப் பாரி முல்லைக்குத் தேர் தந்த பாரிதான் என்று நம்பியிருந்தேன். தாமஸ் பாரி என்ற வெள்ளைக்கார வியாபாரி என்பது பிறகுதான் தெரிந்தது. அது ஆங்கிலப் பெயரே அல்ல, வேல்ஸ் நாட்டுப் பெயர் என்று போன வாரம் ஒரு நண்பர் சொன்னார். அப்படியானால் அதற்கு என்ன அர்த்தம்? குலப் பெயரா, ஊர்ப் பெயரா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நண்பர் சொன்னது சரி. தாமஸ் பாரி வேல்ஸின் மான்ட்கோமரிஷயர் பக்கத்துக்காரர். 1788ல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கியவர், 1824ல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். அவர் பெயர் குலத்தையும் சொல்லவில்லை, ஊரையும் சொல்லவில்லை. ‘ஹாரியின் மகன்’ என்கிறது, அவ்வளவுதான்.

வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். நம் காதில் அப்பா என்று விழும், பொருள் நேரெதிர். ஹாரிக்குப் பிறந்த வில்லியம், வில்லியம் அப் ஹாரி. அவனுக்கு ஒரு டேவிட் பிறந்தால் டேவிட் அப் வில்லியம். நம் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். சபையில் சொல்லும்போது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஐந்தாறு பேரைக் கோத்துச் சொல்வார்கள். வெறும் பெருமைக்காக அல்ல. பழைய வேல்ஸ் சட்டப்படி நிலத்தில் பங்கு கேட்கவும், கொலைக்கு ஈட்டுப்பணம் கொடுக்கவும் வாங்கவும், யார் யாருக்கு எத்தனையாவது தலைமுறை உறவு என்று தெரிந்தாக வேண்டும். பெயரே சொத்துப் பத்திரம் போல இருந்தது.

‘அப் ஹாரி’யை வாய்விட்டு வேகமாக நாலு தடவை சொல்லிப் பாருங்கள். ‘அ’ தேய்ந்து விழுந்துவிடும், ‘ஹ’ மூச்சோடு போய்விடும், உதட்டில் மிஞ்சுவது பாரி. அப் ரீஸ் ப்ரைஸ் ஆனதும், அப் ஹவல் பவல் ஆனதும் இதே வழியில்தான்.

அது ஏன் அப்படியே உறைந்தது? 1536லும் 1543லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்றாக்கின. ஏட்டில் எழுத நிலையான ஒற்றைப் பெயர் வேண்டியிருந்தது. நிலக்கிழார்கள் முதலில் மாறினார்கள். மலைக்கிராமத்து எளிய குடும்பங்களில் பழைய வழக்கம் 18ஆம் நூற்றாண்டு தாண்டியும் இருந்தது. எலிசபெத் ராணியைக் கொல்லச் சதி செய்தார் என்று 1585ல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பாரியைப் பாருங்கள். அவர் தந்தை ஹாரி அப் டேவிட். மகன் பிறந்தபோது வில்லியம் அப் ஹாரி, இறந்தபோது வில்லியம் பாரி. ஒரே ஆளின் ஆயுளுக்குள் ஒரு வழக்கம் முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டது.

அந்த ராணியின் குலப்பெயரான டுடரும் இப்படி உறைந்ததுதான். ராணியின் தாத்தா ஏழாம் ஹென்றி; அந்த ஹென்றியின் தாத்தா ஓவைன் அப் மரேதித் அப் டுடர். அப்பா பெயரை விட்டுத் தாத்தா பெயர் ஆங்கில ஏடுகளில் தங்கிவிட்டது. இல்லையென்றால் மரேதித் வம்சம் என்றே நாம் படித்திருப்போம்.

ஆங்கில வழியில் போன ‘ஹாரியின் மகன்’ ஹாரிஸ் ஆனார். ஜானின் மகன் ஜோன்ஸ். வேல்ஸில் ஒரே தெருவில் பல ஜோன்ஸ் இருப்பதால் பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆறு தலைமுறையைச் சொன்ன பெயர் அடுத்த வீட்டுக்காரனைக்கூடப் பிரித்துக் காட்ட முடியாமல் ஆனதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இப்போது சில பெற்றோர் குழந்தைகளுக்கு மறுபடி ‘அப்’ சேர்த்துப் பெயர் வைக்கிறார்கள். சந்தோஷம். நம் நடத்துநர்கள் கூவும் ‘பாரீஸ், பாரீஸ்’ இருக்கிறதே, அதில் முன்னால் நிற்கும் ‘ப்’ வேல்ஸ் மொழியின் மகன். பின்னால் ஒட்டிய ‘ஸ்’ ஹாரிஸிலும் ஜோன்ஸிலும் இருக்கும் அதே ஆங்கில விகுதி.

ஊர்ப் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். வேல்ஸில் அது அபூர்வம், ஆனால் அப்படி ஒன்று நீங்கள் தினமும் போகும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் தன் சின்னஞ்சிறு மகன் டேவிட்டை அங்கேதான் புதைத்தார். எலிஹுவின் ஆட்சியில் இங்கிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. யேல் என்பது வடகிழக்கு வேல்ஸில் உள்ள ‘யால்’ என்ற வளமான மேட்டுநிலத்தின் பெயர். அந்த மண்ணில் வீடு இருந்த குடும்பம் அப்பா பெயரை விட்டு நிலத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய வழக்கம் நின்றிருந்தால் அந்தக் குழந்தை, டேவிட் அப் எலிஹு அப் டேவிட் அப் தாமஸ்.