1967இன் சைபர்மேன்களை மறுபடி பார்ப்பது: கேள்வி பதில்

பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'வில் 1967 செப்டம்பரில் நான்கு வாரம் ஒளிபரப்பான கதை 'டூம் ஆஃப் த சைபர்மென்'. சைபர்மேன்கள் என்றால் உடல் பாகங்களை இயந்திரமாக மாற்றிக்கொண்டவர்கள். டெலோஸ் கிரகத்தில் உறைந்துகிடக்கும் அவர்களின் கல்லறையைத் தேடி ஒரு தொல்லியல் குழு வருகிறது. தொடரின் நாயகன் டாக்டர் ஒரு காலப்பயணி, உருவம் மாறுகிறவர் என்பதால் அவராகப் பல நடிகர்கள் வருவார்கள். பேட்ரிக் ட்ரௌட்டன் நடித்த இரண்டாம் டாக்டர், அவருடைய பயணத் தோழர்கள் ஜேமி, விக்டோரியா மூவரும் அதே நேரம் பார்த்து அங்கே போய் இறங்குகிறார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. முடிவு வரைக்கும் பேசியிருக்கிறேன், இன்னும் பார்க்காதவர்கள் உஷார்.

கேள்வி: நான் புதிய தொடரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கருப்பு வெள்ளைக்குள் நுழைய இது சரியான கதையா?

தாராளமாக நுழையலாம். விக்டோரியாவுக்கு டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸில் இதுதான் முதல் பயணம். அவளுக்கு டாக்டர் விளக்கும்போது உங்களுக்கும் விளங்கிவிடும். ஒரு பகுதி 25 நிமிடத்துக்குள் முடிகிறது. நான்கையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் ஒரு வாரம் தவிக்க வைப்பதற்காகவே முடிக்கப்பட்டது, ஒரு இரவாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இந்தக் கதை தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அந்தக் காலத்தில் பிபிசி பழைய வீடியோ டேப்புகளை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியது. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மி.மீ. பிலிம் பிரதிகளும் பிறகு குப்பைக்குப் போயின. தப்பிப் பிழைத்த ஒரு பிரதி 1991 கடைசியில் ஹாங்காங் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து வந்து சேர்ந்தது, நான்கு பகுதியும் முழுசாக. 1992இல் வீடியோ கேசட்டாக விற்பனைக்கு வந்தது. ட்ரௌட்டன் கதைகளில் முழுசாகக் கிடைக்கிற மிகப் பழையது இதுதான். அறுபதுகளின் பகுதிகளில் 90க்கும் மேற்பட்டவை இன்னும் கைக்கு வரவில்லை. ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த புண்ணியத்தில் ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

கேள்வி: சார், உண்மையைச் சொல்லுங்கள். கம்பி தெரிகிறது, தூக்கி வீசப்படுவது வெறும் உடை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இதற்கா இவ்வளவு பில்டப்?

பில்டப் கொடுத்தது கதை இல்லை, ஞாபகம். 1967இல் சின்ன வயதில் பார்த்தவர்கள் கால் நூற்றாண்டாகச் சொல்லிச் சொல்லியே இதை மலையாக்கிவிட்டார்கள். சரிபார்க்கப் படம் கையில் இல்லை. திரும்பி வந்ததும் பலருக்குச் சப்பென்று ஆனதில் ஆச்சரியமில்லை. நான்காம் பகுதிக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். கல்லறைக்கும் மேல் அறைக்கும் இடையே ஏறி இறங்கியே பாதி நேரம் போய்விடுகிறது.

ஆனால் இரண்டாம் பகுதியின் கடைசி நிமிடங்களை மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். தேன்கூடு மாதிரி அடுக்கடுக்கான அறைகள், ஒவ்வொன்றின் வாயிலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். பனி உருகுகிறது. உள்ளே ஒரு கை அசைகிறது, படலத்தைக் கிழிக்கிறது, அப்புறம் இன்னொரு கை. யாரும் அவசரப்படுவதில்லை. இயக்குநர் மோரிஸ் பாரி அந்தக் காட்சியை நிதானமாக ஓட விட்டிருக்கிறார், பயமே அந்த நிதானத்தில்தான். கையில் இருந்த காசுக்கு அது பெரிய வேலை.

கேள்வி: எனக்குப் புரியாதது ஒன்றுதான். சைபர்மேன்களை எழுப்பக் கூடாது என்று டாக்டருக்குத் தெரியும். பிறகு ஏன் கதவைத் திறக்க உதவுகிறார்?

இந்தக் கதையில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். வெளிக்கதவில் மின்சாரம் பாய்ந்து ஒருவர் சாகிறார். இனி ஆபத்தில்லை என்று சோதித்துச் சொல்வது டாக்டர். உள்ளே லாஜிக் புதிரில் குழுவைச் சேர்ந்த க்ளீக் திணறும்போது குறிப்பு கொடுப்பதும் அவர். க்ளீக் கவனிக்காத நேரம் பார்த்துக் கைவேலை காட்டுவதும் அவரேதான்.

எழுத்தாளர்கள் கிட் பெட்லரும் ஜெர்ரி டேவிஸும் கதை நகர வேண்டுமே என்று அவரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ட்ரௌட்டன் அதை அப்படி நடிக்கவில்லை. க்ளீக் தன் அறிவை மெச்சிக்கொண்டு நிற்கும்போது டாக்டரின் முகத்தைப் பாருங்கள். அசடு போல ஒரு சிரிப்பு, கண்கள் மட்டும் எல்லோரையும் அளந்துகொண்டிருக்கும். இந்தக் குழுவில் யார் எதற்கு வந்திருக்கிறார்கள், சைபர்மேன்கள் இங்கே என்ன திட்டத்தோடு படுத்திருக்கிறார்கள், இரண்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் கல்லறையே ஒரு பொறி, புதிரை விடுவிக்கிற புத்திசாலிகளைப் பிடித்துத் தங்களைப் போல மாற்றுவதற்கு வைத்தது. பொறி என்று மோப்பம் பிடித்தும் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத ஆள் இந்த டாக்டர். அதற்கு மற்றவர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். கதை அவரைக் குற்றம் சொல்வதில்லை, நான் சொல்வேன். இந்த டாக்டரை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்கும் அதுவே காரணம்.

கேள்வி: மூன்றாம் பகுதியில் விக்டோரியாவும் டாக்டரும் பேசும் காட்சியைப் பற்றிச் சொல்லுங்களேன்.

விக்டோரியாவின் அப்பா இதற்கு முந்தைய கதையில்தான் இறந்தார். காவல் மாற வேண்டிய நேரத்தில் அவள் டாக்டரை எழுப்பாமல் தூங்க விடுகிறாள், வயதானவர் என்று. பூமிக் கணக்கில் 450 வயது என்று அவரே சொல்லியிருந்தாரே! விழித்தவர் அவள் துக்கத்தைப் புரிந்துகொள்கிறார். தன் குடும்பத்தை நினைக்க விரும்பினால் நினைத்துக்கொள்ள முடியும், மற்ற நேரங்களில் அவர்கள் மனதுக்குள் உறங்குவார்கள் என்கிறார். அழுகை இல்லை, பின்னணி இசையை வைத்து உருக்குவதும் இல்லை. சுற்றிலும் அசுரர்கள் இருக்கும்போது இப்படி இரண்டு நிமிடம் ஒதுக்கியது பெரிய துணிச்சல். பதினொன்றாம் டாக்டராக நடித்த மாட் ஸ்மித் இந்தக் கதையைப் பார்த்து ட்ரௌட்டனிடம் மயங்கியதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

கேள்வி: டோபர்மேன் பாத்திரம் எனக்கு நெருடலாக இருந்தது. அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாமா?

விட வேண்டாம். குழுவில் இருக்கும் ஒரே கறுப்பின மனிதர் அதிகம் பேசாத பலசாலி வேலைக்காரர். கடைசியில் உயிரைக் கொடுத்துக் கதவை மூடுவதும் அவர்தான். ராய் ஸ்டூவர்ட் உடல்மொழியாலேயே கௌரவமாக நடித்திருக்கிறார். அவருக்குக் கிடைத்த வேடத்தின் குறை அதனால் மறைந்துவிடாது.

கேள்வி: சைபர்மேன் யோசனை எங்கிருந்து வந்தது?

கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். உடலின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மனிதன் எந்த இடத்தில் மனிதனாக இல்லாமல் போவான் என்பது அவர் பயம். இந்தக் கதை ஒளிபரப்பாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். அன்றைய பார்வையாளருக்கு இது கற்பனை மட்டுமாக இருந்திருக்காது.

கேள்வி: சில டிவிடியில் அசைவு வழவழப்பாக, சிலவற்றில் சினிமா மாதிரி இருக்கிறதே?

ஸ்டுடியோ வீடியோவில் நொடிக்கு 50 அசைவுப் படிகள். பிலிம் பிரதியில் அது 25 பிரேமாகிவிடும். விட்ஃபயர் என்ற முறையில் விட்டுப்போன அசைவைக் கணித்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கிடைத்தால் அதையே பாருங்கள், நடிகர்கள் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும்.

கேள்வி: இது முடிந்தது. அடுத்து எது?

சைபர்மேன்கள் முதலில் வந்த 1966இன் 'த டென்த் பிளானட்'. முகத்தில் துணி சுற்றிய அந்தப் பழைய உருவம் எனக்கு இதைவிடத் திகில். அதன் நான்காம் பகுதி தொலைந்துவிட்டது, டிவிடியில் அனிமேஷனாக இருக்கிறது. அப்புறம் 1968இன் 'த இன்வேஷன்'. எட்டுப் பகுதி, அதில் ஒன்றாவதும் நான்காவதும் அனிமேஷன்.