ராக் டம்ளர் (கல் மெருகேற்றும் மெஷின்) மோட்டார் சூடாகி நிற்பது பற்றி

சார், காசிமேட்டில் அமெரிக்க ராக் டம்ளரை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டியும், சூடாகி நின்று, ஆறியதும் ஓடுகிறது என்றீர்கள். நிறுத்துவது மோட்டாருக்குள் இருக்கும் தெர்மல் கட்-அவுட், அதாவது சூடு கூடினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். ஸ்டெப்-டவுன் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு நம்ம 50 ஹெர்ட்ஸ் போனால் உள்ளிருக்கும் இரும்புக் கோர் திணறி, கரண்ட் அதிகம் இழுத்துச் சூடாகும். வேகமும் ஆறில் ஒரு பங்கு குறையும். அதனால் கல் கெடாது, நாள்தான் கூடும்.

தயவுசெய்து அதே மோட்டாரை மறுபடி வரவழைக்காதீர்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஷேடட் போல் மோட்டார் (எளிய வகை சின்ன ஏசி மோட்டார்) போதும். பாரிமுனைக் கடைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்: ஷாஃப்ட் விட்டம், போல்ட் இடைவெளி, சுற்றும் திசை மூன்றும் பொருந்தணும். எர்த் வயரை மோட்டார் பாடியில் கட்டாயம் இறுக்குங்கள். 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேனை 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டி, காற்று நேராக மோட்டார் மேல் படும்படி வையுங்கள். பெல்ட் ரொம்ப டைட்டாக இருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து மறுபடி சூடாகும். கல் போடும் பேரலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.