ஆபா எண் எடுத்தால் பழைய மருத்துவப் பதிவுகள் எல்லாம் தானாக வந்துவிடுமா? மருத்துவமனை கேஸ் ஷீட் தராவிட்டால் என்ன செய்வது?

தானாக வராது. நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், வண்ணாரப்பேட்டை, தங்கசாலைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துப் பார்த்துவிட்டு, இப்போது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு மாற்றலாம் என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. "எல்லாம் ஆப்லயே வந்துடும்" என்று கவுண்டரில் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி வெறுங்கையோடு வெளியே வந்துவிடாதீர்கள்.

ஆபா என்பது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் திட்டத்தில் தரும் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண், அவ்வளவுதான். அதற்குள் எந்தப் பதிவும் கிடையாது. லேப் ரிப்போர்ட் லேபில் இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி மருத்துவமனையில் இருக்கும். அந்த இடம் இந்தத் திட்டத்தில் சேர்ந்து, தன் மென்பொருளை இணைத்து, உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் எண்ணோடு சேர்த்தால்தான் போனில் தெரியும். கையால் எழுதிய கேஸ் ஷீட்டை யாராவது ஸ்கேன் செய்து ஏற்றினாலொழிய அது வரவே வராது.

இணைப்பு எங்கே அறுகிறது என்று சொல்கிறேன். ஆபா செயலியில் மருத்துவமனையைத் தேடிப் பதிவுகளை இணைக்கும்போது மொபைல் எண், பெயர், பாலினம், பிறந்த வருடம் இவற்றை வைத்துத்தான் அங்கே ஆளைத் தேடுகிறது. பிறகு மருத்துவமனையில் பதிவான மொபைலுக்கு ஓடிபி போகும். அட்மிஷன் அன்று அவசரத்தில் கூட வந்த மச்சானின் நம்பரைக் கொடுத்திருந்தால் ஓடிபி மச்சானுக்குத்தான் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் என்றால் இன்னும் மோசம், அது இந்நேரம் வேறு யார் கையிலாவது இருக்கலாம். வயதைத் தோராயமாக "அறுபது இருக்கும்" என்று சொல்லியிருந்தாலும் பிறந்த வருடம் ஆதாரோடு பொருந்தாது.

பெயர் இன்னொரு தலைவலி. நம் ஊரில் இனிஷியல்தான். ஆதாரில் "குமார் செல்வம்", ஓபி சீட்டில் "எஸ்.குமார்", லேபில் வெறும் "குமார்". முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இத்தனை வருடமாகியும் இது உறைக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வேதனை. ஆகவே எங்கே பதிந்தாலும் ஆதாரில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் சொந்த மொபைல் எண்ணையே கொடுங்கள். தவறாக இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே பதிவு கவுண்டரில் திருத்திவிடுங்கள். பிறகு போனால் அலையவிடுவார்கள்.

புது டாக்டர் உங்கள் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் செயலியில் ஒப்புதல் கோரிக்கை வரும். பலரும் படிக்காமல் சம்மதம் அழுத்துகிறார்கள். எந்த வகைப் பதிவுகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அனுமதி எப்போது முடிகிறது என்று அதில் இருக்கும், நீங்களே குறைக்கலாம். முழங்கால் வலிக்குப் போகிறவர் பழைய மனநல சிகிச்சைச் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கொடுத்த ஒப்புதலைத் திரும்பவும் பெறலாம். ஆனால் அதற்குமேல் புதிதாக எடுப்பதைத்தான் அது தடுக்கும். அதற்குள் படித்துவிட்டதை மறக்கடிக்காது. ஆபா எண்ணையே நீக்கினாலும் மருத்துவமனையில் உள்ள பதிவு அப்படியேதான் இருக்கும்.

ஆபாவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். அது கட்டாயமில்லை என்பதையும், காகிதத்துக்கு அது இன்னும் மாற்றாகவில்லை என்பதையும்தான் சொல்கிறேன்.

காகிதத்துக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அங்கீகரித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி பதிவை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பில் பாக்கி இருந்தால் தர வேண்டாம் என்று அந்த விதியில் ஒரு வரியும் இல்லை. ஆனால் வாயால் கேட்டால் அந்த 72 மணி நேரம் தொடங்கியதற்குச் சாட்சி கிடையாது. இரண்டு பிரதி எழுதுங்கள்: பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி. "முழு கேஸ் ஷீட், நர்ஸ் சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, எல்லா லேப் ரிப்போர்ட்" என்று பிரித்து எழுதுங்கள். "ரெக்கார்ட்ஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் இரண்டு பக்கச் சம்மரியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் சீலும் தேதியும் நேரமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நீங்கள் மகனோ மகளோ என்றால் நோயாளியின் கையெழுத்தோ ரேகையோ உள்ள அங்கீகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகலும் சேர்த்து வையுங்கள்.

இனி மூன்று பொருள்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எடுத்திருந்தால் ஃபிலிம் மட்டும் போதாது. டைகாம் கோப்புகள் (ஸ்கேன் படங்களின் மூல டிஜிட்டல் கோப்புகள்) உள்ள குறுந்தகடோ பென்டிரைவோ கேளுங்கள். வீட்டில் முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்டரால் அதில் அளவெடுக்க முடியாது. இசிஜி பெரும்பாலும் வெப்பத் தாளில் வரும். மாதக்கணக்கில் வெளுத்துவிடும், லேமினேட் செய்தால் சூட்டில் கறுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பயாப்சி செய்திருந்தால் ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) பயாப்சி எண்ணோடு வேண்டும். வேறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் ரிப்போர்ட்டோடு அதையும் கேட்பார்கள்.

ஜெராக்ஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் கடைகளில் பிரிண்டுக்காக ரிப்போர்ட்டையும் ஆதாரையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். அந்தக் கோப்பு அந்தக் கணினியில் அப்படியே கிடக்கிறது, அடுத்து வருகிறவர் கண்ணிலும் படுகிறது. செயலியில் ஒப்புதலுக்கு இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டு கடையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறோம். பிரிண்ட் கைக்கு வந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள்.

அரசு மருத்துவமனை என்றால் முதலில் ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் மனு. பதில் இல்லாவிட்டால் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கெடு 30 நாள். அடையாள அட்டை நகலை விட்டுவிட்டால் "மூன்றாம் நபரின் தகவல்" என்று திருப்பி அனுப்ப வழியிருக்கிறது. தனியார் 72 மணி நேரத்தைத் தாண்டினால் டாக்டரின் பெயரோடு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். காசு கொடுத்து வைத்தியம் பார்த்ததால் சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த சீல் வைத்த பிரதியைத்தான்.