சேமலாப நிதிப் பணத்தில் பாய்மரப் படகு: 60 இலட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: வயது 56, வெள்ளவத்தை. ஊழியர் சேமலாப நிதி கிடைத்து 95 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பில் இருக்கிறது. அதன் வட்டியிலும் மனைவியின் சம்பளத்திலும் வீடு நடக்கிறது. மகளின் படிப்புக்கு 20 இலட்சம் வேண்டும். காலியில் நிற்கும் 32 அடி பைபர் கிளாஸ் பாய்மரப் படகை 60 இலட்சத்துக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். ஆண்டு வட்டி 8% என்று வைத்தால், 60 இலட்சத்தை எடுத்ததும் மாதம் 40,000 ரூபாய் வருமானம் நிற்கும். பராமரிப்பு, தரிப்பிடம், காப்புறுதிக்கு ஆண்டுக்கு விலையில் 10% வையுங்கள். அது மாதம் 50,000. ஆக மாதம் 90,000 ரூபாய். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். படகு கட்டியே கிடந்தாலும் இந்தச் செலவு நிற்காது.

படிப்புக்கு 20, அவசரத்துக்கு 15 ஒதுக்கினால் மிஞ்சுவது 60. அதற்குள் படகு, முதல் திருத்த வேலை (விலையில் 20%), முதலாண்டுச் செலவு மூன்றும் அடங்க வேண்டும். அதனால் 45 இலட்சத்துக்கு மேல் போகாதீர்கள். அதுவும் வட்டி குறைந்த பிறகு வீட்டுச் செலவு ஓடுமென்றால் மட்டுமே.

முற்பணம் கொடுப்பதானால், பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். படகைக் கரையேற்றி, விற்பவரோடு தொடர்பில்லாத சர்வேயரை (படகுகளைப் பரிசோதிக்கும் நிபுணர்) கொண்டு பார்ப்பிக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளம் இருந்து, குத்தினால் புளித்த வாடையுள்ள நீர் வந்தால், பைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. மேற்பூச்சைச் சுரண்டி, மாதக்கணக்கில் உலரவிட்டு, நீர் புகாத எபொக்சி பிசின் பூச வேண்டும். நமது ஈரக்காற்றில் உலர்வது இன்னும் தாமதமாகும். மேல்தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டும்போது மந்தமான சத்தம் வந்தால் உள்ளிருக்கும் பல்சா என்ற இலேசான மரம் உக்கியிருக்கலாம். திருகாணி வழியாக இறங்கும் மழைநீர்தான் பெரும்பாலும் காரணம். கீல் (படகின் அடியில் நீளும் பாரமான பகுதி) படகோடு சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் 10 ஆண்டு தாண்டியவையா என்றும் கேளுங்கள். கம்பிகளை மாற்றுவது பெரிய செலவு. டீசல் இயந்திரத்தை உங்கள் முன்னால், சூடேறாத நிலையில் இயக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: வெளிநாட்டுக் கொடியோடு வந்த படகென்றால், சுங்க வரி கட்டிய பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நிலுவை வரி உங்கள் தலையில் விழலாம். 45 இலட்சத்துக்கு இறங்காவிட்டால், இன்னொருவரோடு பாதிப் பங்கில் வாங்கலாம். செலவுப் பங்கு, ஓட்டும் நாட்கள், ஒருவர் விலகினால் பங்கின் விலை ஆகியவற்றைச் சட்டத்தரணி மூலம் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.